போக்கர் தொடரின் தொடக்க நாளுக்குப் போகும் மதுரைக்காரர்களுக்கு

பெரும்பணம் புழங்கும் போக்கர் சீட்டாட்டத்தின் நேரடித் தொடர் தொடங்குகிற அன்று அரங்கில் இரண்டு வகைக் கூட்டம் இருக்கும். ஒரு பக்கம், ஒரே ஆட்டத்துக்கு லட்சக்கணக்கில் கட்டி உட்காருகிறவர்கள். இன்னொரு பக்கம், அதே தொடரின் மிகச் சிறிய ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பவர்கள். புதிதாகப் போகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். சின்ன மேஜையில் உட்காருங்கள், பெரிய மேஜையைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். கீழே இருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

முதலில் சட்டம்

தமிழ்நாட்டில் கேசினோவுக்கு உரிமம் கிடையாது. அதனால் மன்றத்து மாடியிலோ, ஊருக்கு வெளியே தோப்பு வீட்டிலோ "டோர்னமென்ட் வச்சிருக்கோம்ணே, அஞ்சாயிரம் கட்டினா போதும்" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது என்று பேப்பரின் உள்பக்கத்தில் வருகிற செய்தி இப்படிப்பட்ட இடங்களைப் பற்றியதுதான். 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

செல்போனில் பணம் கட்டி ஆடுவதும் வேண்டாம். தமிழக அரசு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வித்தியாசமே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. ஆகவே போனில் வரும் விளம்பரத்தை நம்பி எதையும் இறக்கிக்கொள்ளாதீர்கள்.

மிச்சமிருப்பது உரிமம் பெற்ற கேசினோ. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது கோவாதான். பனாஜியில் மாண்டவி ஆற்றில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களில் போக்கர் அறைகள் உண்டு. 21 வயது முடிந்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற தம்பிகள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பணம்: போகும் முன்பே முடிவு செய்யவேண்டியது

இந்தப் பயணத்துக்கு எடுத்து வைக்கும் தொகை முழுவதும் போய்விட்டாலும் அடுத்த மாதம் வீட்டுச் சாமான், பிள்ளைகள் ஃபீஸ், வாடகை எதிலும் கை வைக்கவேண்டிய நிலை வரக்கூடாது. அப்படி ஒரு தொகை இல்லையென்றால் இந்த வருஷம் போகவேண்டாம். தொடர் மறுபடியும் வரும்.

கடன் வாங்கிப் போகவே கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதாது. மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்துவட்டி என்று நம் ஊரில் பணம் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. 2003-இலேயே தடைச் சட்டம் வந்தும் மாலையில் வசூலுக்கு வருகிற பைக்குகள் ஓய்ந்தபாடில்லை. வீட்டம்மாவின் நகையை அடகு வைத்து வந்த பணத்தோடு மேஜையில் உட்கார்ந்தால் சரியாக ஆடவும் வராது. கீழே வைக்கவேண்டிய சீட்டைக் கீழே வைக்க மனசு வராது.

அடுத்து, பை-இன், அதாவது ஆட்டத்தில் சேரக் கட்டும் பணம், எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். கட்டணம் 10,000 + 1,000 என்று போட்டிருந்தால் பத்தாயிரம் பரிசுப் பணத்தில் சேரும், ஆயிரம் நடத்துகிறவர்களுக்கு. ஜிஎஸ்டி இதற்குள் அடக்கமா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பரிசு எல்லாருக்கும் கிடையாது. பெரும்பாலான தொடர்களில் நூறு பேர் ஆடினால் பத்திலிருந்து பதினைந்து பேர்வரைதான் பணம் பார்ப்பார்கள். அவர்களிலும் கடைசிப் படியில் இருப்பவருக்குக் கட்டியதைப்போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோதான் வரும். நன்றாக ஆடுகிறவரே பல ஆட்டங்களில் வெறுங்கையோடு எழுந்து போவார். இது ஆட்டத்தின் இயல்பு.

பையைக் காலியாக்குவது ரீ-என்ட்ரிதான். சிப் (பணத்துக்குப் பதிலாக மேஜையில் வைத்து ஆடும் வில்லை) எல்லாம் போனதும் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரலாம் என்று அனுமதி இருக்கும். தோற்ற சூட்டோடு கவுன்டருக்கு நடந்தால் கால் தானாகப் போகும். எத்தனை முறை கட்டுவேன் என்பதை மதுரையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை போகிறவருக்கு என் கணக்கு ஒன்றே ஒன்று.

சேட்டிலைட் என்று ஒரு வழி உண்டு. சின்னக் கட்டணத்தில் ஆடி, பெரிய ஆட்டத்துக்கான இடத்தைப் பரிசாக வெல்வது. 2003-இல் அமெரிக்காவில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் 86 டாலர் ஆன்லைன் சேட்டிலைட் வழியாக போக்கர் உலகத் தொடரின் (World Series of Poker) மெயின் ஈவென்ட் என்ற 10,000 டாலர் முதன்மை ஆட்டத்துக்குள் வந்து, 839 பேரில் முதலாவதாக நின்று 25 லட்சம் டாலர் வென்றார். உலகம் முழுக்கச் சாதாரண மனிதர்கள் இந்த ஆட்டத்துக்கு வந்ததற்கு அந்த ஒரு வெற்றி பெரிய காரணம். சேட்டிலைட்டில் தாராளமாக ஆடலாம். ஆனால் அதன் கட்டணத்தையும் எடுத்து வைத்த தொகைக்குள்ளேயே அடக்குங்கள்.

மொட்டை மாடிப் பயிற்சி

தொடர்களில் அதிகம் நடப்பது டெக்சாஸ் ஹோல்டம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்து யார் கை பெரியது என்று பார்ப்பது. வரிசை கீழிருந்து மேலாக: ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே மதிப்பில் மூன்று, தொடர்ச்சியாக ஐந்து, ஒரே இனத்தில் ஐந்து, மூன்றும் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே மதிப்பில் நான்கு, ஒரே இனத்தில் தொடர்ச்சியாக ஐந்து. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் நாலுக்கும் ஒரே மதிப்புதான். ஆஸ் ராஜாவுக்கு மேலேயும் நிற்கும், இரண்டுக்குக் கீழேயும் நிற்கும்.

நம் ஊரில் பலர் 13 சீட்டு ரம்மியில் வளர்ந்தவர்கள். ரம்மியில் சீட்டு பிடிக்கவில்லை என்று எடுத்ததுமே டிராப் பண்ணினால் 20 பாயிண்ட் போகும். அதனால் சுமாரான கையையும் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. போக்கரில் ஒவ்வொரு கைக்கும் இரண்டு பேர் முறை வைத்து, சீட்டைப் பார்க்கும் முன்பே சின்னது, பெரியது என்று கட்டாயமாக வைக்கும் தொகைக்குப் பிளைண்ட் என்று பெயர். அந்த முறை உங்களுடையது இல்லையென்றால், சீட்டைக் கீழே வைக்க ஒரு சிப் செலவு கிடையாது. பத்துக் கையில் ஏழெட்டைத் தூக்கிப் போடப் பழகிவிட்டால் புதியவர்களில் பாதிப் பேரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

பயிற்சிக்குப் பணமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு பேர் மொட்டை மாடியில் பாய் விரித்து உட்காருங்கள். புளியங்கொட்டை ஒன்று 100, சட்டைப் பட்டன் 500, சோழி 1,000. ஆளுக்கு 20,000. பிளைண்ட் 100–200 என்று தொடங்கி, போனில் 15 நிமிஷ டைமர் அடிக்கும்போதெல்லாம் ஏற்றுங்கள். ஒருவர் ஆடாமல் சீட்டுப் போடும் டீலராக இருந்து விதிகளைக் கறாராகப் பார்க்கட்டும். பிளைண்ட் ஏற ஏறக் கையிலிருக்கும் கொட்டை எப்படிச் சுருங்குகிறது என்பது இரண்டே ஆட்டத்தில் புரிந்துவிடும்.

சில கணக்குகளை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆஸ் ஜோடி 221 கைக்குச் சராசரியாக ஒரு முறைதான் வரும். அது வந்து, எதிராளி ராஜா ஜோடியோடு எல்லாச் சிப்பையும் தள்ளினால்கூட, ஐந்தில் ஏறக்குறைய ஒரு முறை நீங்கள் தோற்பீர்கள். பொதுச் சீட்டு மூன்று விழுந்தபின் ஒரே இனத்தில் நான்கு வைத்துக்கொண்டு ஐந்தாவதற்குக் காத்திருந்தால், மிச்ச இரண்டு சீட்டுக்குள் அது வர வாய்ப்பு 35 சதவீதம். இதெல்லாம் தெரிந்திருந்தால் தோற்ற கைக்காக யாரையும் திட்டத் தோன்றாது.

அட்டவணையைப் படித்துப் பெயர் கொடுப்பது

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடத்துகிறவர்கள் ஒரு தாள் வெளியிடுவார்கள். அதில் பரிசுத் தொகையைப் பார்க்கிறோமே தவிர, பார்க்கவேண்டியது வேறு: தொடக்கச் சிப் எவ்வளவு, ஒரு லெவல் (பிளைண்ட் ஏறாமல் நிற்கும் நேரம்) எத்தனை நிமிஷம், எந்த லெவல்வரை தாமதமாகச் சேரலாம். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகத் தொடரின் மெயின் ஈவென்ட்டில் 60,000 சிப், ஒரு லெவல் இரண்டு மணி நேரம். யோசித்து ஆட அவகாசம் உண்டு. சின்ன ஆட்டங்களில் லெவல் 20 நிமிஷமாக இருக்கலாம். 25,000 சிப்போடு 100–200 பிளைண்டில் தொடங்கும்போது உங்களிடம் 125 பெரிய பிளைண்ட். மூன்று மணி நேரத்தில் பிளைண்ட் 1,000–2,000 ஆகிவிட்டால் அதே 25,000 வெறும் 12 பிளைண்டுதான். லெவல் நீளமாக இருக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், பரிசு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் பிடித்தோ ரயிலிலோ பெங்களூரு போய், அங்கிருந்து கோவா போவது செலவு குறைந்த வழி. விமானம் என்றால் கோவாவில் டபோலிம், மோபா என இரண்டு விமான நிலையங்கள். டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு டாக்ஸி பேசுங்கள். ஆதார், பான் கார்டு இரண்டும் அசலாகக் கையில் இருக்கட்டும். பெரும்பாலான கேசினோக்களில் உடைக் கட்டுப்பாடு உண்டு, முழுக்கால் பேன்ட்டும் ஷூவும் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஸ்வெட்டரை மறக்காதீர்கள். மதுரை வெயிலில் கிளம்பும்போது சிரிப்பாக இருக்கும், ஏசிக்குக் கீழே எட்டு மணி நேரம் உட்காரும்போது அருமை தெரியும்.

தொடக்க நாளில் படகுத்துறையில் கூட்டம் நெரியும், பெயர் பதியும் கவுன்டரிலும் அப்படித்தான். முந்தின நாளே பதிய வழியிருந்தால் பதிந்துவிடுங்கள்.

மேஜையில்

சீட்டுக் குலுக்கி வந்த இடத்தில் உட்கார்ந்ததும் டீலரிடம் "முதல் தடவை" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல டீலர்கள் புதியவரிடம் பொறுமையாக இருப்பார்கள், ஆனால் விதியைத் தளர்த்தமாட்டார்கள்.

புதியவர்கள் அதிகம் மாட்டுவது சிப் வைக்கும் முறையில்தான். என் மேஜையில் திருமங்கலத்துப் பையன் ஒருவன் இருந்தான். எதிராளி 2,000 வைத்திருந்தார். இவன் பேசாமல் ஆயிரம் மதிப்புள்ள இரண்டு சிப்பை முன்னால் வைத்தான், கை பின்னால் போய் இன்னும் நாலு சிப்பை அள்ளிக்கொண்டு வந்தது. டீலர் உள்ளங்கையை விரித்து அந்த நாலையும் மெதுவாகத் திருப்பித் தள்ளினார். "கால் மட்டும்தான் சார்." கால் என்றால் எதிராளி வைத்த அதே தொகையை வைப்பது, ரெய்ஸ் என்றால் அதற்குமேல் ஏற்றுவது. பையன், விதிச் சிக்கலுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஃப்ளோர் அதிகாரியைக் கூப்பிடச் சொன்னான். அவரும் வந்து அதையேதான் சொன்னார். கையில் ராணி ஜோடி வைத்திருந்தவன் அவன். ஏற்ற நினைத்த தொகை ஏறவில்லை, அடுத்த சீட்டில் எதிராளிக்கு ராஜா விழுந்துவிட்டது. இடைவேளையில் என்னிடம் வந்து, "அண்ணே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல" என்றான். அதேதான் வழி. முதலில் "ரெய்ஸ், ஆறாயிரம்" என்று வாயால் சொல்லுங்கள், அப்புறம் சிப்பை எண்ணி வையுங்கள். சொன்ன சொல் செல்லும். சொல்லாவிட்டால் ஒரே வீச்சில் வைத்தது மட்டும் கணக்கு. அதேபோல, 500-க்கு எதிரே ஒரே ஒரு 5,000 சிப்பைப் பேசாமல் தூக்கிப் போட்டால் அது கால்தான், ரெய்ஸ் ஆகாது.

சீட்டின்மேல் ஒரு சிப்பை வைத்துக் காத்துக்கொள்ளுங்கள். கவனிக்காமல் டீலர் அள்ளிவிட்டால் அந்தக் கை போனதுதான். ஆல்-இன், அதாவது இருக்கும் சிப் முழுவதையும், போட்டு ஜெயித்தாலும் பாட் (நடுவில் சேர்ந்த சிப்) உங்கள் பக்கம் வந்து சேரும்வரை சீட்டைக் கையை விட்டு விடாதீர்கள். பெரிய மதிப்புச் சிப்பை எல்லாருக்கும் தெரிகிறபடி முன்னால் அடுக்கவேண்டும், ஒளித்து வைக்கக்கூடாது. மேஜை மாற்றினால்கூடச் சிப்பைப் பாக்கெட்டில் போடக்கூடாது. போட்டால் தண்டனை உண்டு. உங்கள் முறை வரும்வரை எதையும் செய்யாதீர்கள். ஆட்டத்தில் இருக்கும்போது போனைத் தொடாதீர்கள்.

இன்னொன்று நம்மவர்களுக்கு முக்கியம். ஒரே மேஜையில் இன்னொரு தமிழர் இருந்தால் சந்தோஷமாக இருக்கும், பேச வாய் துறுதுறுக்கும். கை நடந்துகொண்டிருக்கும்போது தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிறார்கள் என்ற சந்தேகம் வரும். இடைவேளையில் டீக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசலாம்.

எப்படி ஆடுவது? முதல் இரண்டு மணி நேரம் நல்ல கையோடு மட்டும் உள்ளே வாருங்கள், வந்தால் ரெய்ஸோடு வாருங்கள். ஆடாத கைகளில் மற்றவர்களைக் கவனியுங்கள்: யார் எல்லாக் கையிலும் வருகிறார், யார் ஒரு முறை ஏற்றினாலே விட்டுவிடுகிறார். கையில் 15 பெரிய பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால் சின்னச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முழுதாகத் தள்ளு, இல்லையென்றால் கீழே வை. பரிசு கிடைக்க ஓரிருவர் வெளியேற வேண்டிய கட்டத்தைப் பபுள் என்பார்கள். அப்போது எல்லா மேஜையும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கையாக ஆடும். பொறுமை மட்டும் போதும். மது வேண்டாம், இலவசமாக வந்தாலும்.

ஆட்டம் மறுநாளைக்குப் போனால் சிப்பை எண்ணி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயரும் தொகையும் எழுதி ஒட்டச் சொல்வார்கள். இரண்டு முறை எண்ணுங்கள். பைக்குமேல் எழுதிய எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மேஜையின் ஓரத்தில்

உங்கள் ஆட்டம் முடிந்ததும், பெருந்தொகை கட்டுகிறவர்கள் ஆடும் ஹைரோலர் மேஜைப் பக்கம் போய் நில்லுங்கள். 1970-இல் லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு தொடங்கியது உலகத் தொடர். 2024-இல் அதன் மெயின் ஈவென்ட்டுக்கு மட்டும் 10,112 பேர். 2012-இல் பத்து லட்சம் டாலர் கட்டணத்தில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். 2016-இல் மலேசியத் தொழிலதிபர்கள் தொடங்கிய டிரைட்டன் தொடர் முழுக்கப் பெரிய கட்டணங்களில்தான் நடக்கிறது. இந்தியர்களும் அங்கே உட்காருகிறார்கள். பெங்களூருவின் சந்தோஷ் சுவர்ணா 2024 உலகத் தொடரில் 2,50,000 டாலர் ஆட்டத்தை வென்றார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்த மேஜையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார் என்பதில் எனக்குப் பெருமைதான்.

அங்கே பணத்தைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள். தங்கள் முறை வரும்வரை பலர் சீட்டையே பார்க்கமாட்டார்கள். நல்ல கைக்கும் மோசமான கைக்கும் அதே நேரம் எடுத்துக்கொண்டு, அதே மாதிரி சிப்பை வைப்பார்கள். பெரும்பாலும் ஒரு முடிவுக்கு 30 வினாடிதான் தருவார்கள். அதற்குமேல் யோசிக்க வேண்டுமானால் கையிலிருக்கும் நேரச் சீட்டு ஒன்றைக் கொடுக்கவேண்டும், அந்தச் சீட்டுகளும் அளவாகத்தான் கிடைக்கும். அரை மணி நேரம் கவனித்தால் எப்போது அதைச் செலவழிக்கிறார்கள் என்பது பிடிபடும். சத்தம் போட்டு யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வெளியேறிய பிறகு

போக்கர் அறையிலிருந்து படகுக்குப் போகும் வழியில் ரூலெட், அந்தர் பாஹர், தீன் பத்தி மேஜைகள் இருக்கும். போக்கரில் எதிரே இருப்பவரோடு ஆடுகிறோம். அங்கே கேசினோவோடு ஆடுகிறோம், கணக்கு எப்போதும் அவர்கள் பக்கம்தான் சாயும். தோற்றதை மீட்கிறேன் என்று அங்கே நிற்பவர்கள்தான் உண்மையில் பெரிய தொகையை விடுகிறார்கள். நேராகப் படகேறி, சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். தோற்றது மனதை அரித்துக்கொண்டே இருந்தால், இன்னும் ஆடவேண்டும் என்ற நினைப்பை அடக்க முடியாவிட்டால், அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸ் 14416 எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

ஜெயித்தால் வரி உண்டு. பரிசு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், அதற்குத்தான் பான் கார்டு. உங்கள் மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சீட்டு ஆட்டப் பரிசுக்கு இதே விகிதம்தான், மேலே செஸ் சேரும். பஸ் டிக்கெட், ரூம் வாடகை, தோற்ற ஆட்டங்களின் கட்டணம் எதையும் இதில் கழிக்க முடியாது. டிடிஎஸ் சான்றிதழை எப்போது, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவார்கள் என்று பணம் வாங்கும் கவுன்டரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று ஊருக்கு வந்தபின் வருமான வரித் தளத்தில் பாருங்கள். ஏறவில்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன்பே அந்தச் சான்றிதழோடு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.